கூப்பிடும் முன்

பேட்டையில் சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் உச்சிமாகாளி ஒரு மாதமாகக் கண் திறக்கவில்லை. மனைவி அவரைக் கூப்பிடும் டேப்பை ஸ்கேனுக்குள் அவர் காதில் ஒலிக்கவிட்டோம். காது கேட்டால், கூப்பிட்ட சில விநாடியில் மூளைப் படத்தில் ஒரு புள்ளி தெரியும். அவர் படத்தில் அந்தப் புள்ளி கூப்பிடும் முன்பே வந்தது. தண்ணீர்க் குப்பியை வைத்து மெஷினைச் சோதித்தேன். பழுதில்லை.

“அது நாய்ஸாணு கேட்டோ, வெறும் இரைச்சல். எட்டு மில்லிமீட்டர் ஸ்மூத் பண்ணி நோக்கு, படம் மழுங்கினா இரைச்சல் அழிஞ்சிரும். புள்ளி மிஞ்சினா சிகிச்சை தொடரும். இல்லேல் வீட்டுக்கு அனுப்பிரலாம்,” என்றார் டாக்டர் சுதீஷ்.

மழுக்கினேன். புள்ளி போய்விட்டது.

புள்ளி முந்தி வந்ததை அவர் மனைவி செல்லக்கனியிடம் சொன்னேன். இந்த மலையாள ஊரில் தமிழ் பேச அவளுக்கு நானும் எனக்கு அவளும்தான்.

“அவிய எப்பவும் அப்படித்தான். கூப்பிட வாயெடுக்க முந்தியே ‘என்னட்டி’ம்பாவ,” என்றாள்.

மறுநாள் அவரை மீண்டும் ஸ்கேனில் வைத்து, டேப்புக்குப் பதில் மைக்கில் அவளையே கூப்பிடச் சொன்னோம். அழுகையில் அவளுக்குக் குரலே எழவில்லை. அந்தப் படத்தையும் எட்டு மில்லிமீட்டருக்கு மழுக்கினேன்.

புள்ளி போகவில்லை.