செவ்வாய்க்கிழமை உண்ணி

நாய் செத்த பிறகும் அதன் உடம்பிலிருந்து எடுத்தது என்று சொல்லி உண்ணி கொண்டுபோய்க் கொடுத்தவர், உலகத்திலேயே அந்த ரிட்டையர்டு சர்வேயர் ஒருவராகத்தான் இருப்பார்.

கூசாமல் செய்தார் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் உண்ணி அடைத்த மருந்துப் புட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பரிசோதனைக்கூடத்துப் படி ஏறும்போது காது சூடாகும். ஆனாலும் ஏறிவிடுவார்.

ஆரம்பத்தில் எல்லாம் நிஜம்தான். நாய்க்குக் காய்ச்சல் கண்டது. உண்ணி கடித்துக் கிருமி ஏறியிருக்கலாம், எதற்கும் பார்த்துவிடுங்கள் என்று கால்நடை டாக்டர் அனுப்பினார். பரிசோதனைக்கூடத்தின் கடைசி அறையில் டெக்னீஷியன் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். உண்ணியை அரைத்தாள், சாறு பிரித்தாள், மெஷினுக்குள் வைத்தாள். திரையில் ஒரு கோடு ஓடும். அது படுத்தே கிடந்தால் கிருமி இல்லை, தலை தூக்கினால் இருக்கிறது. அன்றைக்குத் தூக்கியது. தக்க மருந்து கொடுத்ததில் நாயும் பிழைத்தது. கிருமி மறுபடி வருகிறதா என்று பார்க்க, வாராவாரம் செவ்வாய்க்கிழமை உண்ணி கொண்டுவரச் சொன்னாள்.

முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் பேச்சு வராமல் இருக்குமா? "பையன் எப்படி இருக்கான் சார்?" என்று அவள் நாயை விசாரிப்பாள். பதிலுக்கு அவர் அவள் வீட்டுக்காரரை விசாரிப்பார். அந்த மனுஷன் குறட்டை விட்டு வீட்டையே இரண்டாக்குவதும், எதைச் சமைத்து வைத்தாலும் உப்பு குறை என்பதும், செருப்பை நடுவழியில் கழற்றிப் போடுவதும் சர்வேயருக்கு அத்துப்படி. முகம் பார்க்காத அந்த மனிதர் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

அப்புறம் நாய்க்கு வயதாகிப் போய்ச் சேர்ந்தது. வீட்டில் பேச்சுத் துணைக்கு ஈ காக்காய் இல்லை. மகள் போன் செய்வாள், "சாப்பிட்டீங்களாப்பா" என்பாள், வைத்துவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை கால் தானாகப் பரிசோதனைக்கூடத்துப் பக்கம் திரும்பியது. வெறுங்கையோடு போனால் விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் அதோடு சரி, அப்புறம் அங்கே அவருக்கு என்ன வேலை? வெள்ளைத் துணியைப் புல்மேல் இழுத்தால் உண்ணி வந்து ஒட்டும் என்று அவளே ஒருமுறை சொல்லியிருந்தாள். வீட்டுக்குத் திரும்பித் துண்டை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த புல்வெளிக்குப் போனார்.

அன்றிலிருந்து செத்த நாய்க்கு வாராவாரம் ஒரு புதுக் குறும்பு முளைத்தது. சோபாவைக் கடித்தது, பால்காரரைத் துரத்தியது. அவள் சிரித்துக்கொண்டே கேட்பாள். கோடு மட்டும் படுத்தே கிடந்தது.

இந்தச் செவ்வாய்க்கிழமை அது எழுந்தது.

அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். இன்றைக்குச் சிரிப்பு இல்லை. "சார், இதை எங்க எடுத்தீங்க?"

காதுக்குப் பின்னால் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் அடுத்த செவ்வாய்க்கிழமை மிஞ்சும். ஆனால் சாயங்காலமானால் அந்தப் புல்லில் விழுந்து புரளும் பிள்ளைகள் கண்முன்னே வந்து நின்றார்கள்.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி, புல்லுலம்மா," என்றார். "நாய் எப்பவோ போயிட்டான். மன்னிச்சிடுங்க."

அவள் போனை எடுத்தாள். சுகாதார அலுவலகத்துக்கு இடத்தைச் சொல்லி, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவேண்டாம், இன்றைக்கே புல்லை வெட்டி மருந்தடிக்க ஆள் அனுப்புங்கள் என்றாள். சர்வேயர் காலிப் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். இனி எந்த முகத்தோடு இந்தப் படி ஏறுவது?

"உக்காருங்க சார்," என்றாள் போனை வைத்துவிட்டு. "நாய் மேல ஒட்டிக்கிட்டிருக்கிற உண்ணி ரத்தம் குடிச்சு உருண்டையா இருக்கும். ரொம்ப நாளா நீங்க கொண்டுவர்றதெல்லாம் பட்டினி கிடந்து தட்டையா இருக்கு. முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு."

அவர் உட்காரவில்லை. "தெரிஞ்சுமா வாராவாரம் பையன் எப்படி இருக்கான்னு கேட்டீங்க?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நான் கேட்டாத்தானே சார், நீங்க திருப்பி எங்க வீட்டுக்காரரைக் கேப்பீங்க. அவர் போய் ரெண்டு வருஷமாச்சு. அவர் எப்படி இருக்கார்னு கேக்க உங்களை விட்டா வேற யாரும் இல்லை."