தறி நின்ற இடம்

ரேடியோவைத் தறிச் சட்டத்தின் மேல் வைக்க ராத்தா, என் மூத்த சகோதரி, சம்மதிக்கவில்லை.

தறி உழைக்கிற இடமாம். பாட்டுப் பெட்டிக்கு அங்கே என்ன வேலை? கடைசியில் ஜன்னல் படியில் வைத்தோம்.

அடுத்த வீட்டு நஸீறா தன் ரேடியோவோடு வந்து, அதன் பக்கத்திலேயே காவல்காரி மாதிரி உட்கார்ந்துகொண்டாள். காலை பத்து மணி. லண்டனில் ஒரு பெரிய வாத்தியக் குழு வாசித்த என் இசையைக் கொழும்பு வானொலி ஒலிபரப்பப் போகிறது. ‘மருதமுனையில் ஒரு பகல்’ என்று எங்கள் ஊரின் பெயரையே அதற்கு வைத்திருந்தேன்.

வாத்தியக் குழுக்களுக்கு இசை எழுதுவது என் தொழில். இதை ஊரில் எவருக்கும் என்னால் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. பாடுவாயா என்பார்கள். இல்லை. வாசிப்பாயா? கொஞ்சம். அப்படியானால் என்னதான் செய்கிறாய்? கடதாசியில் எழுதுகிறேன்.

அதனால் ராத்தா, தம்பி லண்டனில் கணக்கு எழுதும் கிளாக்கர் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியை வைத்து நான் எழுதிய இசைக்கு அங்கே ஒரு பரிசு கிடைத்தது. எங்கள் கூரை பறந்ததற்கு உனக்குப் பரிசா என்று கேட்டவரும் ராத்தாதான். மற்றபடி நான் எழுதிய எதையும் அவர் இதுவரை கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை.

ஆசையில் மண் விழப் பார்த்தது. இந்த இசையின் நடுவே பள்ளிவாசல் வாங்கு ஓசையும் வரும் என்று, நான் சொல்லிக் கொடுத்தபடியே, வானொலியில் முன்கூட்டி அறிவித்துவிட்டார்கள். நஸீறாவின் காதில் விழுந்தால் தெருவுக்கே அறிவித்த மாதிரிதான்.

தொழுகைக்கு அழைக்கும் வாங்கை வயலினிலும் மேளத்திலும் வாசிப்பதா? ராத்தா நேற்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

“வாங்கை மேளத்தோட கலந்திரிக்கியா இல்லியா, செல்லு” என்று காலையிலும் கேட்டார்.

ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. கேட்டுப் பாருங்கள் ராத்தா என்றேன்.

“அப்பிடி ஒண்டு வந்திச்செண்டா, இனி இந்த ஊட்டுப் படி மிதிக்காத மனே.”

வீடு அவருக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. படியும் அவருடையதுதான். சொன்னால் சொன்னபடி நடப்பவர். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

இசை தொடங்கியது.

ராத்தா நெய்வதை நிறுத்தவில்லை. தம்பியின் பாட்டுக்காகத் தறியை நிறுத்துவதா? பாதி நெய்த சாறன் துணி ஒன்று தறியில் இருந்தது.

முதலில் ஒரு சிறிய மேளம் தனியாகத் தட்டியது. பிறகு இன்னொன்று. வயலின்கள் தறியில் நூலை இழுத்தோடும் நாடாவைப் போல அங்குமிங்கும் ஓடின. மேளங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஒரு தெருவே நெய்யத் தொடங்கியது.

“அல்லாஹ்வே, இது நம்மட தறிச் சத்தம் தானே!” என்றாள் நஸீறா.

 ராத்தாவின் கால்கள் லண்டன் மேளத்தோடு சேர்ந்து மிதிப்பதை நான் பார்த்தேன். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது.

பிறகு ஒரு மேளம் நின்றது.

அடுத்தது நின்றது. அதற்கடுத்ததும். சத்தம் தூரத்திலிருந்து எங்களை நோக்கி அணைந்துகொண்டே வந்தது.

எங்கள் வீடு தெருவின் கடைசியில். இத்தனை தறிச் சத்தத்தில் வாங்கு இங்கே கேட்காது. பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தறி முதலில் நிற்கும். அது நின்றதைக் கேட்டு அடுத்த வீட்டுத் தறி நிற்கும். அப்படியே வந்து, கடைசியில் எங்கள் தறி. வாங்கு சொல்கிறார்கள் என்பது எங்களுக்கு அப்படித்தான் தெரியும்.

கடைசி மேளமும் நின்றது.

அந்த இடத்தில் நான் எதுவும் எழுதவில்லை. ஒத்திகையில் வாத்தியக்காரர்கள் இங்கே என்ன வாசிப்பது என்று கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம், சும்மா இருங்கள் என்றேன்.

“பெற்றரி போயிட்டு போல” என்று நஸீறா ரேடியோவைத் தட்டக் கை ஓங்கினாள். நான் அந்தக் கையைத் தடுத்தேன்.

அப்போதுதான் தறியைப் பார்த்தேன். அதுவும் நின்றிருந்தது.

பிறகு சிறிய மேளம் மெதுவாகத் தட்டியது. தெரு மறுபடியும் நெய்யத் தொடங்கியது. ராத்தாவும்தான்.

எல்லாம் முடிந்து லண்டனில் கைதட்டினார்கள். ராத்தா நாடாவை வைத்துவிட்டு, மூச்சை நன்றாக இழுத்து விட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“கேட்டியா நஸீறா? எங்க வந்திச்சி வாங்கு? ஒரு சொல்லும் வரல்ல. என்ட தம்பிட பேரக் கெடுக்கப் பாத்தியே!”

நஸீறா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ராத்தாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நஸீறா ஒரு விசயத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

நண்பகல் லுஹர் தொழுகைக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

ராத்தா எனக்குத் தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனார். காலையிலிருந்து தோளில் கிடந்த முந்தானை, வாங்கு கேட்டால் இழுத்துப் போடுவது போல, அவர் தலையை மூடியிருந்தது.