மூன்று புகைக்குழாய்கள்

"இதை நெஜமாவே நீங்கதான் செஞ்சீங்களா?"

கேட்டவர் பல் டாக்டர். மாடல் விமானச் சங்கத்தின் போட்டி நடுவர். லென்ஸும் கையுமாகவே அலைவதால், முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைப் 'பூதக்கண்ணாடி' என்பார்கள்.

"ஆமா சார், நான்தான்" என்றார் அந்த அம்மாள். தையல் கடை வைத்திருப்பவர். சங்கத்துக்குள் இன்றைக்குத்தான் முதல்முறையாகக் காலடி வைத்திருக்கிறார்.

மேஜைமேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர் விமானம் நின்றது. பழைய யுத்தத்தில் பறந்தது. அதில் ஐந்து ரகம் உண்டு, இது மூன்றாவது. இன்றைக்கு ஜெயிக்கிற மாடல் அருங்காட்சியகத்துக்குப் போகும். நாளைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் நிஜ விமானம் இப்படி இருந்தது என்று வரைவார்கள்.

டாக்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். இறக்கை, சக்கரம், விமானியின் இருக்கை வார் வரைக்கும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. வருஷக்கணக்காக இதே பைத்தியமாகத் திரிகிறவர்களுக்கே வராத சுத்தம், பட்டன் தைக்கிற அம்மாளுக்கு எப்படி வரும்? யாரோ செய்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

பிறகு எஞ்சின் ஓரத்துப் புகைக்குழாய்களை எண்ணினார். எண்ணி முடித்ததும் முகத்தில் தனிக் களை வந்துவிட்டது.

"என்னம்மா இது, பக்கத்துக்கு ஆறு புகைக்குழாய் வெச்சிருக்கீங்க? மூணாவது ரகத்துக்கு மூணுதானே!"

"ஆறுதான் சார். அந்தக் காலத்துல மெக்கானிக்குகளுக்கு ஒரு புத்தகம் குடுத்திருக்காங்க. தேடிப் பிடிச்சு நகல் வாங்கினேன். அதுல ஆறுன்னுதான் படம் போட்டிருக்கு."

"புத்தகத்துல ஆயிரம் எழுதுவாங்க. போட்டோ பொய் சொல்லுமா?"

சங்கத்தின் கையேட்டை எடுத்து மேஜையில் போட்டார். அட்டையில் கறுப்பு வெள்ளைப் படம். புழுதித் தரையில் அதே விமானம். பக்கத்துக்கு மூன்றே புகைக்குழாய்.

இருபது வருஷத்துக்கு முன் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு புத்தகத்துக்குள், ஓரமெல்லாம் வெட்டப்பட்டு, பக்க அடையாளமாகக் கிடந்த படம் அது. 'போர்க்களத்தில் எடுத்த அபூர்வ ஆதாரம்' என்று அவர் கட்டுரை எழுதினார். அந்த ஒரு கட்டுரைதான் அவரை நடுவர் நாற்காலியில் உட்கார வைத்தது. அவர் சொன்னதை நம்பிச் சங்கத்தில் பதினேழு பேர் தங்கள் மாடல்களிலிருந்து மும்மூன்று குழாய்களைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

அம்மாள் அட்டைப் படத்தைப் பார்த்தார்.

"சார், ஒரு நிமிஷம் தனியா பேசலாமா?"

"எதுக்குத் தனியா?"

அம்மாள் பையிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து, யார் கண்ணிலும் படாமல் மேஜைக்கு அடியில் நீட்டினார்.

"வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுப் பாருங்க சார். இங்க வேண்டாம்."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. லஞ்சம்! மறு நிமிஷம் உள்ளுக்குள் ஒரே குஷி. நான் நினைத்தது சரியாகப் போச்சு!

"செகரெட்டரி சார், கொஞ்சம் வாங்க! எல்லாரும் வாங்க!"

செயலாளர் ஓடி வந்தார். மாடல்களை அப்படியே விட்டுவிட்டு மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள்.

"இந்தம்மா எனக்குக் கவர் குடுக்கறாங்க. இதுல என்ன இருக்குன்னு நீங்க எல்லாரும் சாட்சியா நின்னு பாக்கணும்."

"சார், தயவுசெஞ்சு இங்க திறக்காதீங்க."

"ஏன், இப்ப பயமா இருக்கா?"

"எனக்காகச் சொல்லல சார்."

"பேச்சைப் பாரு!" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் கவரைக் கிழித்தார்.

உள்ளே ஒரே ஒரு போட்டோ இருந்தது. அதே புழுதி, அதே விமானம், அதே மூன்று புகைக்குழாய். ஆனால் இதில் ஓரங்கள் வெட்டப்படவில்லை. விமானத்தின் சக்கரத்துக்குப் பக்கத்தில், சக்கரத்தைப்போல் மூன்று மடங்கு உயரத்துக்கு, ஒரு நூல்கண்டு நின்றுகொண்டிருந்தது.

டாக்டர் போட்டோவைத் திருப்பினார். பின்னால் குண்டு குண்டான கையெழுத்து.

'என் முதல் மாடல். மொட்டை மாடியில் எடுத்தது. புகைக்குழாயைத் தப்பாக வைத்துவிட்டேன். அடுத்ததில் ஆறு வைக்க வேண்டும்.'

டாக்டரின் இருபது வருஷப் பேர், கட்டுரை, கையேடு எல்லாம் அந்த நூல்கண்டுக்கு முன்னால் நின்றன. போட்டோவை நெஞ்சோடு சேர்த்து மறைத்துக்கொண்டார்.

"என்ன சார், பணமா?" செயலாளர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அம்மாள் முந்திக்கொண்டார்.

"சிபாரிசுக் கடிதம் சார். தெரியாத்தனமா கொண்டு வந்துட்டேன், மன்னிச்சிடுங்க. என் மாடலை எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

"சேச்சே! பாத்தா எவ்வளவு சாதுவா இருக்காங்க" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அம்மாள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் விமானத்தைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். இப்போது டாக்டர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லவும் செய்தார்.

"கடிதம் எழுதினது யாருன்னு மட்டும் கேக்காதீங்க. ஒரு பெரிய மனுஷன் பேரு கெட்டுப் போயிடும். இந்தம்மாவும் பாவம், மொதல் தடவை. நான் மன்னிச்சு விட்டுட்டேன்" என்றபடி போட்டோவை மறைவாகவே கவருக்குள் தள்ளி, சட்டைப் பைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.