பச்சைக் கட்டம்

ஓட்டுநர் இல்லாத அந்த வண்டியின் கேமரா மனிதரைக் கண்டுகொண்டால், திரையில் அவரைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் விழும், வண்டி நின்றுவிடும். ஆய்வக உதவியாளர் மாசானத்துக்கு மட்டும் கட்டம் விழவே இல்லை. இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய காலில் கையை ஊன்றி, குனிந்து குனிந்து நடப்பவர். சோதனைக்காகக் கல்லூரிச் சாலையில் நாற்பது முறை குறுக்கே நடந்தார். நாற்பது முறையும் உள்ளே இருந்த ஆய்வு மாணவி கயல்விழிதான் பிரேக்கை மிதித்தாள்.

"இப்படி நடக்கிறவங்க எத்தனை பேர் இருக்கப் போறாங்க? அந்தப் பதிவையெல்லாம் கணக்கிலேருந்து எடுத்துடும்மா," என்றார் பேராசிரியர் சடகோபன். "திங்கட்கிழமை கம்பெனிக்காரங்க வர்றாங்க."

அவள் எடுத்துவிட்டாள். துல்லியம் தொண்ணூற்றொன்பது சதவீதமானது.

"என்னைய அடையாளம் கண்டுக்கிச்சா மேடம்?" வியர்வையைத் துடைத்துக்கொண்டே மாசானம் கேட்டார். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"கண்டுக்கிச்சுண்ணே."

திங்கட்கிழமை வண்டிக்குள் யாரும் இல்லை. மூன்று மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குறுக்கே போனார்கள். மூன்று முறையும் வண்டி நின்றது. கம்பெனி விருந்தாளிகள் உட்கார்ந்திருந்த பந்தலில் கைதட்டல். அப்போது யாரும் கூப்பிடாமலே மாசானம் சாலையில் இறங்கினார். நடுவில் நின்று, தன்னை நோக்கி வந்துகொண்டிருந்த வண்டியைப் பார்க்காமல், பந்தலிலிருந்த கயல்விழியைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

அவள் பதறி எழுந்தாள். சடகோபன் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். விருந்தாளிகள் பக்கம் திரும்பிச் சிரித்தபடியே, "கத்திடாதே," என்றார்.

அவள் உட்கார்ந்தாள்.