நுரை

"கக்கூஸ் கழுவ ஆசிட் வாங்கினேன் அண்ணி. வேற பாட்டில் கிடைக்கல, தண்ணி பாட்டில்லதான் ஊத்தச் சொன்னேன்," என்றாள் ரோஸ்லின்.

"எங்க வெச்சே?"

"இங்கதான்."

சமையல் மேடையில் காலையில் குடிதண்ணீர் பிடித்துவைத்த பாட்டில்கள் நின்றன. எல்லாவற்றிலும் நீல மூடி. முகர்ந்து பார்க்க ஜெசிந்தாவுக்குப் பயம். ஒவ்வொன்றாகத் திறந்து சிமெண்டுத் தரையில் கொஞ்சம் ஊற்றினாள். ஆசிட் என்றால் பொங்கி நுரைக்கும். இருவரும் குனிந்து பார்த்தார்கள். தரை வெறுமனே நனைந்தது. கடைசி பாட்டிலும் நுரைக்கவில்லை.

"உங்க அண்ணன் எங்க?"

"பைக்ல கிளம்பிட்டாங்க. வெயிலா இருக்குன்னு ஒரு பாட்டில்..."

ஜெசிந்தா போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியபடி முதல் பாட்டிலை எடுத்து, மறுபடியும் தரையில் ஊற்றத் தொடங்கினாள்.