இணைக்க முடியவில்லை

மூன்றாவது முறையும் அதே வரிதான் வந்தது. இணைக்க முடியவில்லை.

அவள் இயர்பட்ஸ் இரண்டையும் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். பத்து எண்ணினாள். திறந்தாள். சின்ன வெள்ளை விளக்கு மினுங்கியது. போனில் புளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள்.

இணைக்க முடியவில்லை.

மணி பத்து நாற்பது. பதினொன்றுக்கு இன்டர்வியூ. வீடியோ காலில் பள்ளியின் சென்னைத் தலைமை ஆபீஸிலிருந்து மூன்று பேர் கேள்வி கேட்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

கீழ் வீட்டில் டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார்கள். சுவரே கூசும் சத்தம். அதனால்தான் காலையில் கணவன் தன்னுடைய இயர்பட்ஸைக் கொண்டுவந்து நீட்டினான்.

"இதப் போட்டுக்க சாரு. நல்லா கேட்கும்."

ஆறு வருடம் கழித்து மறுபடியும் வகுப்புக்குள் போகப்போகிறாள். ப்ளஸ் டூவுக்கு வேதியியல் டீச்சர் வேலை. ஒரு வாரமாகச் சமையலறையில் புத்தகத்தைச் சாய்த்துவைத்துப் படித்தாள். நீலக் காட்டன் புடவைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டியிருந்தாள். வீடியோவில் தெரியாத கொசுவத்தைக்கூட இரண்டு முறை சரிசெய்துகொண்டாள்.

பத்தரைக்கே வரவேண்டிய லிங்க் இன்னும் வரவில்லை. பள்ளி ஆபீஸில் கிருபாகரன் தெரிந்தவர்தான், எல்லாம் நான் பேசிக்கொள்கிறேன் என்று கணவன் சொல்லியிருந்தான்.

ஒருவேளை காதில் மாட்டினால் பிடித்துக்கொள்ளுமோ?

மாட்டினாள்.

காதுக்குள் மணி அடித்ததுபோல் ஒரு சத்தம். பிறகு ஓர் ஆண் குரல்.

"சார், வணக்கம். கிருபா பேசறேன்."

சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிரித்த முகமாக்கிக்கொண்டு போனைப் பார்த்தாள். திரையில் யாரும் இல்லை.

"நீங்க சொன்ன மாதிரி மேடம் பேர லிஸ்ட்லேர்ந்து எடுத்தாச்சு சார். வேற ஒருத்தங்களக் கூப்பிட்டுட்டோம். மேடத்துக்கு லிங்க் வராது. நீங்க பக்குவமாச் சொல்லிடுங்க. எங்க அக்காவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. மாத்திரைய மட்டும் விடாமக் குடுங்க. சரியாயிடும் சார்."

குரல் நின்றது.

டைல்ஸ் சத்தம் ஓய்ந்த ஒரு நொடியில் அடுத்த அறையிலிருந்து கணவன் முணுமுணுப்பது கேட்டது. "என்ன இது, சத்தமே வரல."

அப்போதுதான் புரிந்தது. இயர்பட்ஸ் அவன் போனோடு இணைந்துகொண்டிருக்கிறது. அவன் போடுகிற வாய்ஸ் மெசேஜ் அவள் காதில் ஓடுகிறது.

அவன் மறுபடியும் போட்டான்.

"சார், வணக்கம். கிருபா பேசறேன்."

கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. இந்த முறை மாத்திரை என்ற சொல் மட்டும்தான் காதில் நின்றது. அவள் தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டுக்கொள்பவள் இல்லை.

மூன்றாவது முறையும் போட்டான்.

நீங்க சொன்ன மாதிரி.

நீங்க சொன்ன மாதிரி.

போனைத் தட்டிக்கொண்டே வாசலில் வந்து நின்றான். "சாரு, என் போன் ஊமையாயிடுச்சு. கொஞ்சம் என்னன்னு பாரேன். ஆமா, உனக்கு லிங்க் வந்துச்சா?"

கேட்ட முகத்தில் அக்கறை இருந்தது. நடிப்புபோலவே தெரியவில்லை. 

"வரல."

"வரும் வரும். டென்ஷன் ஆகாத."

அவள் இயர்பட்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். டப்பாவில் வைத்து மூடினாள். அவன் கையில் கொடுத்தாள்.

"இப்பப் போட்டுப் பாருங்க. நல்லாவே கேட்கும்."

அவன் டப்பாவைப் பார்த்தான். அவள் காதைப் பார்த்தான். முகம் மெல்ல வெளிறியது.

"சாரு… நான் உன் நல்லதுக்குத்தான். வீட்டையும் பாத்துட்டு, வேலைக்கும் போயிட்டு, உன்னால எப்படி…"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க போற? சாரு, நில்லு!"

ஆட்டோவில் இருபது நிமிடம். வழியெல்லாம் சொல்லவேண்டியதைச் சேர்த்துக்கொண்டே வந்தாள். ஒரு வாக்கியம்கூட விட்டுப்போகக் கூடாது.

பள்ளி ஆபீஸில் இரண்டு மேசை. கண்ணாடி போட்டவர்தான் கிருபாகரன். காதில் மூன்று முறை கேட்ட குரலை, யாரிடமோ அவர் போனில் பேசிக்கொண்டிருந்ததில் அடையாளம் கண்டுகொண்டாள்.

"நான் சாருமதி" என்றாள்.

அவர் போனை வைத்துவிட்டு எழுந்தே விட்டார். பக்கத்து மேசைப் பெண்ணிடம் கண்ணைக் காட்டினார். அந்தப் பெண் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினாள். பிறகு மேசைமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து, சத்தமில்லாமல் இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

"வாங்க மேடம். உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?" சின்னக் குழந்தையிடம் பேசுகிற குரல். "தனியாவா வந்தீங்க? சார் வரலியா?"

வழியெல்லாம் சேர்த்த வார்த்தைகளை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். எல்லாமே உரக்கச் சொல்லவேண்டிய வார்த்தைகள். இங்கே உரக்கச் சொன்னால், அவளுக்குப் புத்தி சரியில்லை என்று அவன் சொன்னதற்கு அவளே சாட்சி.

உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் எல்லோருக்கும் தெரியும்படி மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்றாள், முடிந்தவரை மெதுவாக.

"ஆமா மேடம்" என்றார் கிருபாகரன், அதைவிட மெதுவாக. "ஒண்ணுமில்ல. ஒண்ணுமே இல்ல."