முந்தானையால் துடைத்த முகம்

புகை என்றால் என்னவென்றே பிள்ளைகளுக்குத் தெரியாத ஊர் அது. அங்கே மரகதம்மாள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு சூரிய மின்தகடு இருந்தது. வெயிலோடு திரும்பித் திரும்பித் தெருவுக்கே விளக்கு எரிய வைத்தது. அதன் நிழலில் ஒரு பூசணிக்கொடி படர்ந்திருந்தது.

தினமும் சாமி கும்பிட்டுவிட்டு மாடிக்கு வரும் மரகதம்மாள், "என் ராசாத்தி, பிஞ்சு விட்டியா?" என்று கொடியைக் கொஞ்சுவாள். தகட்டுக்கு வயிறு எரியும். உழைப்பு என்னுடையது, கொஞ்சல் இவளுக்கா?

ஒருநாள் உச்சிவெயிலில் அது திரும்பாமல் விறைத்து நின்றுகொண்டது. நிழல் விலகியது. இலைகள் துவண்டன, பிஞ்சு வாடியது.

"என்னடி ராசாத்தி, சுடுதா?" என்றது தகடு.

"எனக்கு இது வேணும்தான்," என்று முனகியது கொடி. "வந்ததும் முந்தானையால உன் முகத்தைத்தானே முதல்ல துடைக்கிறாங்க? அது பொறுக்காம, உன்னை மூடிடலாம்னு ஒரு கையை மேல விட்டிருக்கேன். உன் காலைப் பாரு."

பச்சைச் சுருள் ஒன்று தகட்டின் காலில் பாதி ஏறியிருந்தது. என்னைப் பார்த்தும் பொறாமைப்பட ஒருத்தியா! தகட்டுக்கு உள்ளமெல்லாம் குளிர்ந்துபோயிற்று. கிறீச்சென்று திரும்பி நிழலைக் கொடுத்தது.

மறுநாள் காலை இரண்டும் ஆசையாய்க் காத்திருந்தன. மரகதம்மாள் நேராக, முந்தின மாலை மாடியில் புதிதாக நட்ட குட்டிக் காற்றாலையிடம் போனாள். முந்தானையால் அதைத் துடைத்து, "என் கண்ணு" என்றாள்.

தகடு மெதுவாகக் கேட்டது:

"அக்கா, உன் கை அதுவரைக்கும் எட்டுமா?"